மீசை அசைகிறதா என்று பார்த்தோம்

எனக்கு எழுத வராது. தமிழ்ப்பள்ளியில் ஆறாவதோடு நின்றவள். கையெழுத்தும் கோணல், ஞாபகமும் கோணல். முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்லுவேன், சிலது மறந்தே போயிருக்கும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாயைத் திறக்க எனக்குச் சின்ன வயசிலிருந்தே கூச்சம். காகிதம் என்றால் முகத்தைப் பார்க்காது, அதனால் எழுதுகிறேன்.

கொஞ்ச நாள் முன்னால் செங் என்கிற ஊரில் என் மகன் வீட்டில் தங்கியிருந்தேன். அவர்கள் ஒரு ஹேம்ஸ்டர் வளர்க்கிறார்கள். ஏர்கோன் அறையில் கூண்டு. ஒரு காலையில் அது உருண்டையாக விறைத்துக் கிடந்தது. மகன் அதைப் போட்டுவிட்டு வர ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துக்கொண்டு வந்தான்.

"போடாதேடா. மீசையைப் பாரு" என்றேன்.

பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். அப்புறம், "ஆமாம்மா, அசையுது" என்றான். "ஒனக்கு எப்படிம்மா இதெல்லாம் தெரியும்?"

நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். அவனுக்குச் சொல்லாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மெர்டேக்கா, அதான் நாட்டுக்குச் சுதந்திரம், வந்த வருஷம் அது. நாங்கள் காஜா பேராங்கில், ரொம்ப காலத்துக்கு முன்னாலேயே வந்து மலாய்க்காரர்களோடு கலந்துபோன செட்டிமார்கள் குடியிருக்கும் கம்போங் செட்டியை ஒட்டினாற்போல் ஒரு தகரக்கூரை வீட்டில் இருந்தோம். அப்பாவுக்குச் சடக்கு முனையில், ரோடு திரும்புகிற இடத்தில், ஐஸ் கடையில் வேலை. ஆள் நீளத்துக்கு இருக்கும் ஐஸ் கட்டிகளை மரத்தூளுக்குள் புதைத்து, மேலே கோணிச்சாக்கு போட்டு மூடி வைத்திருப்பார்கள். கோப்பிக்கடைக்காரர்களும் மீன்காரர்களும் வந்து அறுத்து வாங்கிப் போவார்கள். அப்பா வீட்டுக்குள் நுழையும்போதே ஈர மரத்தூள் வாசனையும் நுழையும். அம்மா ஒரு வெள்ளைக்காரத் துரை வீட்டில் ஆயா. நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன், மற்ற நேரத்தில் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்காவைப் பற்றித்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

அக்காவை ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். தோட்டத்து லயத்து வீட்டிலேயே தலைப்பிரசவம். மழை நாள். குழந்தை அழவில்லை என்றார்கள். அக்கா மயங்கிக் கிடந்திருக்கிறாள். கண் விழித்தபோது குழந்தை இல்லை, துணியில் சுற்றிக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு ஆண்கள் கை கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். காட்டினால் தாங்கமாட்டாள் என்று நினைத்திருப்பார்கள், கெட்ட எண்ணத்தில் செய்திருக்கமாட்டார்கள். மருத்துவச்சி அம்மாவிடம், "தொட்டா சில்லுன்னு இருந்திச்சும்மா" என்று சொன்னதை அக்கா கேட்டுவிட்டாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள்.

"சில்லுன்னு இருந்தா செத்துப்போச்சுன்னு ஆயிருமா? மழையில சில்லுன்னுதானே இருக்கும்? நல்லாப் பாத்தாங்களா?"

உடம்பு தேறட்டும் என்று அக்கா புருஷன், மாமா, அவளை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனார். முதலில் அடிக்கடி வந்தார். அப்புறம் எப்போதாவது வந்தார்.

பால் கட்டி அவள் துடித்தபோது அம்மா மல்லிகைப் பூவை மாரில் வைத்துக் கட்டினாள். பால் வற்றியது. அதற்குப் பிறகு அக்கா பலகைச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். பேச்சு குறைந்தது. சோறு ஊட்டினால் வாயில் வைத்துக்கொண்டே இருப்பாள், விழுங்கமாட்டாள். அம்மா அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். அங்கே சத்துத் தண்ணீர் கொடுத்து, சாப்பிட வையுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். சாப்பிட வைக்கத்தான் தெரியவில்லை. இவள் இப்படியே படுத்துப் போய்விடுவாள் என்று அம்மா பயந்தாள். எங்கள் வீட்டில் வேறு எந்தப் பேச்சை எடுத்தாலும் அந்தப் பயத்தில்தான் போய் நிற்கும்.

அந்த நேரத்தில் அம்மா வேலை செய்த துரை குடும்பம் ஊரைக் காலி செய்துகொண்டு கப்பல் ஏறியது. அவர்களுடைய சின்னப் பெண் ஒரு பிராணி வளர்த்தது. கப்பலில் ஏற்ற முடியாது என்று துரைசாணி அதைக் கூண்டோடு அம்மாவிடம் கொடுத்துவிட்டாள். எலியைவிடக் கொஞ்சம் பெரிசு, தேன் நிறம், வால் இருக்கிறதா என்று தேட வேண்டும். கன்னம் இரண்டையும் பை மாதிரி உப்ப வைத்து அதற்குள் பூசணி விதையை ஒளித்து வைக்கும்.

அப்பா கூண்டைப் பார்த்துவிட்டு, "என்னடி இது, பிள்ளையாரக் காணோம், வாகனம் மட்டும் வந்திருக்கு?" என்றார்.

"துரைசாணி அழுதுகிட்டே குடுத்திச்சு. எப்படி வேணாங்கிறது? சூடு ஆகாதாம் இதுக்கு. குளிர்ச்சியான எடத்துல வைக்கணுமாம்."

"தகரக் கூரைக்குக் கீழ எங்கடி இருக்கு குளிர்ச்சி?"

அவர் சொன்னது சரிதான். மத்தியானத்தில் அது வயிற்றைத் தரையில் பரப்பி, வாயைத் திறந்துகொண்டு மூச்சு வாங்கியது. அப்பாவுக்குப் பாவமாக இருந்தது. உடம்பில் சூடு ஏறினால் குளிர்ச்சி கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்த வைத்தியம். மனுஷருக்கு இளநீர், எண்ணெய் முழுக்கு. இதற்கு என்ன செய்வது? அப்பா கூண்டைத் தூக்கிக்கொண்டு போய் ஐஸ் கட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்தார். சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவருவார். கூண்டுக்குள் போடவும் கடையிலிருந்தே மரத்தூள் அள்ளிக்கொண்டார். கடை முதலாளி, சீனத் தவுக்கே, சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

மெர்டேக்கா வந்தபோது ஊரே ஐஸ் கேட்டது. சர்பத்துக்கு, விருந்துக்கு, ஊர்வலத்தில் வருகிறவர்களுக்கு என்று அப்பாவுக்கு மூச்சு விட நேரமில்லை. கூண்டை வீட்டுக்குக் கொண்டுவர மறந்துவிட்டார். மறுநாள் போய்ப் பார்த்தால் அது சுருண்டு, கல் மாதிரி கிடந்திருக்கிறது. தன் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார்.

அப்பா பின்பக்கமாக வந்து, துண்டைப் பிரித்து அம்மாவிடம் காட்டினார். "போயிருச்சு புள்ள" என்றார், குரலைத் தாழ்த்தி.

"ஐயோ, உள்ள கொண்டுவராதீங்க. இந்த வீட்டுக்குள்ள இன்னொரு சாவு வேணாம். பப்பாளி மரத்துக்கிட்ட புதைச்சிருங்க, அவளுக்குத் தெரிய வேணாம்."

பலகை வீட்டில் எதைத் தாழ்த்திப் பேசினாலும் கேட்கும். நான் திரும்பிப் பார்த்தபோது அக்கா எழுந்து நின்றுகொண்டிருந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். எத்தனையோ வாரமாக அவள் தானாக எழுந்ததில்லை.

"குடுங்கப்பா" என்றாள்.

"செத்துப்போச்சும்மா."

"பாத்தீங்களா?"

"சில்லுன்னு கிடக்கு தாயி…"

அப்பா சொல்லி முடிப்பதற்குள் நாக்கைக் கடித்துக்கொண்டார். அக்கா கையை நீட்டியபடியே நின்றாள். அவர் கொடுத்தார்.

அவள் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். நாங்கள் மூச்சு விடவில்லை. ரொம்ப நேரத்துக்கு ஒன்றுமில்லை. அப்புறம் மீசையில் ஒரு மயிர், காற்று பட்ட மாதிரி, அசைந்தது. கதவைச் சாத்தினோம். காற்று இல்லை. மறுபடியும் அசைந்தது.

அம்மா, "அடுப்படியில வைக்கலாம், சூடு பட்டா எந்திரிக்கும்" என்று ஓடினாள்.

"அடுப்பு வேணாம்மா. திடீர்னு சுட்டா தாங்காது. ஒடம்புச் சூடு போதும்" என்று அக்கா அதைத் தன் மாரில், ரவிக்கைக்குள் வைத்து, இரண்டு கையாலும் மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். மல்லிகைப் பூ கட்டியிருந்த இடம். அம்மா அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

சாயங்காலம் ஆவதற்குள் அது நடுங்க ஆரம்பித்தது. உடம்பு முழுக்கப் படபடவென்று உதறியது. இழுக்கிறது, போகப்போகிறது என்று நான் அழுதேன். இல்லை, அதுதான் எழுந்திருக்கிற விதம். கண்ணைத் திறந்தது. அக்கா சீனித் தண்ணீரை விரலில் தொட்டு வைத்தாள். நக்கியது.

"பசிக்குதும்மா" என்றாள் அக்கா.

அம்மா தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்று அழுதுவிட்டு வந்து சோறு போட்டாள்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களை நல்ல காலம் என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் சொல்ல மனசு வரவில்லை. அக்கா எழுந்தாள், முகம் கழுவினாள், தலை வாரினாள். ஐஸ் கடை மரத்தூளை வேண்டாம் என்று சொல்லி, தச்சுப் பட்டறையிலிருந்து காய்ந்த தூள் கொண்டுவரச் சொன்னாள். கூண்டைத் தரையிலிருந்து தூக்கி ஒரு பெட்டிமேல் வைத்தாள். மழை பெய்தால் சாக்கு சுற்றுவாள், வெயில் அடித்தால் வாசல் பக்கம் நகர்த்துவாள். வயிறு நிறைந்திருந்தால் அது அப்படி விறைக்காது என்று கண்டுபிடித்து, விதையைக் குறைவில்லாமல் வைத்தாள். எனக்கும் சொல்லிக் கொடுத்தாள். இறுக்கிச் சுருண்டு, மூக்கை வயிற்றுக்குள் வைத்துக் கிடந்தால் குளிர்த் தூக்கம். நீட்டிக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தால் நோவு. தூங்குகிறது என்றால் வாயில் தண்ணீர் விடக்கூடாது, புரை ஏறிவிடும். விழிக்கிறவரைக்கும் சூடு மட்டும்தான்.

பக்கத்து வீட்டில் ஒரு வயசான செட்டி அம்மாள். எல்லாரும் பீபிக் என்று கூப்பிடுவோம், பெரியம்மா என்கிற மாதிரி. பட்டை விபூதி, குங்குமம், கும்பிடுவதெல்லாம் நம் சாமி, ஆனால் உடுப்பது கெபாயா என்கிற மலாய்ச் சட்டை, பேசுவது மலாய். தமிழில் நாலு வார்த்தை வந்தால் அதிகம். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "ராஜா எலிக்கு இன்னைக்கு என்ன மக்கான்?" என்று கேட்பாள். மக்கான் என்றால் சாப்பாடு. அக்கா சிரிப்பாள். அக்கா சிரித்தால் பீபிக் முந்தானை இல்லாத தோளைத் தடவிக்கொண்டு, "கெசியான், கெசியான்" என்பாள். பாவம் என்று அர்த்தம்.

ஆனால் அக்காவின் பழைய கேள்வியும் கூடவே எழுந்துவிட்டது.

"பாத்தியா? இதுவும் சில்லுன்னுதான் இருந்திச்சு. அப்பா செத்துப்போச்சுன்னு சொன்னாரு. நாந்தான் பாத்தேன். அங்க யாரு பாத்தா?" சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்பாள். அம்மா இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றுவாள். என்ன சொல்லுவாள்? இல்லை என்றால் சோறு நின்றுவிடும், ஆமாம் என்று எந்தத் தாயால் சொல்ல முடியும்?

மழைக்காலம் முடிகிற சமயத்தில் அந்தப் பிராணிக்கு உடம்புக்கு வந்தது. பின்பக்கம் எப்போதும் ஈரமாக இருந்தது, நாற்றம் அடித்தது. விதையைத் தொடவில்லை. கண் ஒட்டிக்கொண்டது. சுருளாமல், நீட்டிக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது.

எனக்கே தெரிந்தது. சொல்லிக் கொடுத்தவளுக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனால் அக்கா, "மழைக் குளிரு. தூங்குது" என்று அதை மாரில் வைத்துக்கொண்டாள். தூங்குகிறது என்பதால் தண்ணீர் கொடுக்கவில்லை. சூடு மட்டும் கொடுத்தாள். முதல் தடவை அதைக் காப்பாற்றியது எதுவோ அதையே செய்துகொண்டிருந்தாள்.

அது எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். வெள்ளிக்கிழமை இல்லாத நாளிலும் காலையும் மாலையும் சாம்பிராணி போட்டாள். அப்பா தினமும் புதுசாக மரத்தூள் கொண்டுவந்து பெட்டிமேல் வைத்தார். "இன்னும் எந்திரிக்கலையாம்மா?" என்று கேட்டார். "இல்லப்பா, நல்லாத் தூங்குது" என்றாள். "சரிம்மா, தூங்கட்டும்." அக்கா சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், அதனால் யாரும் எதுவும் சொல்லவில்லை. செத்ததை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு அடுப்பு மூட்டி, விளக்கு ஏற்றினோம். தீட்டு என்றால் அம்மா அப்படிப் பார்ப்பவள். அவளே செய்தாள்.

அப்படி இருக்கும்போது போகி வந்தது. நாம் பழையதைக் கழிப்போம், செட்டிமார்களுக்கு அது வேறு மாதிரி நாள். பொங்கலுக்கு முதல்நாள் அவர்கள் வீட்டில் இறந்தவர்களுக்கெல்லாம் வாழையிலை போட்டுப் படைப்பார்கள். அவரவருக்குப் பிடித்தது அவரவர் பெயரில் இருக்கும். சோறு, கறி, பலகாரம், வெற்றிலை, ஒரு தாத்தாவுக்குச் சுருட்டுகூட. செத்தவர்கள் வந்து பசியாறிவிட்டுப் போவார்கள் என்று நம்பிக்கை. முடிந்த பிறகு பக்கத்து வீட்டாருக்கும் சோறு உண்டு.

பீபிக் வேலிப்பக்கம் வந்து அக்காவைக் கூப்பிட்டாள். மற்றவர்களைக் கூப்பிடவில்லை, அக்காவைத்தான் கூப்பிட்டாள். வீட்டு வாசலைத் தாண்டட்டும் என்று நினைத்திருப்பாள்.

"போறியாம்மா?" என்று அம்மா பயந்துகொண்டே கேட்டாள்.

"போறேன்" என்றாள் அக்கா. குளித்தாள், கல்யாணப் பெட்டியிலிருந்து ஒரு சேலை எடுத்துக் கட்டினாள். அந்தப் பிராணியைத் துணியில் சுற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். நான் கூடப் போனேன். அம்மா வாசலில் நின்று கையைக் கூப்பிக்கொண்டிருந்தாள், சாமி ஊர்வலம் போகிற மாதிரி. என் வாழ்க்கையில் அவ்வளவு ஆசையாக அம்மா முகத்தை நான் பார்த்ததில்லை.

பீபிக் வீட்டுக் கூடத்தில் இலைகள் வரிசையாக இருந்தன. மெழுகுவர்த்தி, சாம்பிராணி, நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்று வாசனை. வரிசை முடிகிற இடத்தில், சுவரோரம், இரண்டு சின்ன இலைகள் தனியாக இருந்தன. ஒன்றில் ஒரு பிடி பூசணி விதை. இன்னொன்றில் ஒரு கிண்ணம் பால், அவ்வளவுதான்.

பீபிக் முன்னால் ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது துணிக்குள் இருந்ததைப் பார்த்திருக்கிறாள். செத்துவிட்டது என்று தெரிந்துகொண்டாள். எல்லாருக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டாள். அவளுடைய ஆட்கள் செத்தவர்களை ஒளிப்பதில்லை, சோறு போடுவார்கள்.

அக்கா விதை இருந்த இலையைப் பார்த்தாள். அப்புறம் பால் கிண்ணத்தைப் பார்த்தாள்.

"இது யாருக்கு, பீபிக்?"

பீபிக் மலாயில் மெதுவாகச் சொன்னாள். உன் பிள்ளைக்கு ஒரு வாய் பால்கூடக் கொடுக்காமல் எப்படி அனுப்புவது, சின்ன வயிறுதானே, சாயாங், என் கண்ணே, பசியோடு போகக்கூடாதே.

அக்கா உட்கார்ந்தாள். துணியைப் பிரித்து, அதை விதைக்குப் பக்கத்தில் இலையில் வைத்தாள். கால்கள் துவண்டு விழுந்தன. அவள் குனிந்து மீசையைப் பார்க்கவில்லை. தன் கையைக் கன்னத்தில் வைத்து, கையில் சூடு இருக்கிறதா என்று பார்த்தாள்.

"நான் விடவே இல்லையே பீபிக்" என்றாள் தமிழில். "சூடாத்தானே வச்சிருந்தேன்."

பீபிக்குக்கு அது புரியவில்லை. என்னைப் பார்த்தாள். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. எனக்கு எப்போதும் அப்படித்தான்.

வீட்டுக்கு வந்து அக்கா சேலையை மாற்றாமலே பலகைச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். கேள்வி கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு நாளும் கேட்கவில்லை. அம்மா ஊட்டினாள், சோறு வாயில் நின்றது. பீபிக் எங்கள் வாசல் படியில் வந்து உட்கார்ந்து அழுவாள், உள்ளே வரமாட்டாள். அம்மா அவளைத் திட்டவில்லை. வெளியே போய் அவள் பக்கத்தில் உட்காருவாள். ஒருத்தி மலாயில் சொல்லுவாள், ஒருத்தி தமிழில் சொல்லுவாள். அப்பா பப்பாளி மரத்தடியில் குழி தோண்டினார். கூண்டை ஐஸ் கடைக்குக் கொண்டுபோய்விட்டார்.

அடுத்த மழைக்காலம் வரைக்கும் அக்கா இருந்தாள். இருந்தாள் என்றுதான் சொல்லலாம். ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள், திருப்பி அனுப்பினார்கள். மாமா ஒரு தடவை வந்து, வாசலிலேயே நின்றுவிட்டுப் போனார்.

அவள் போன அன்று நான்தான் பக்கத்தில் இருந்தேன். ஆட்கள் வந்துவிட்டார்கள், தூக்க வேண்டும் என்றார்கள். நான் அவள் கையை விடவில்லை. "நல்லாப் பாத்தீங்களா?" என்று கேட்டேன். அவ்வளவு பேருக்கு முன்னால் என் குரல் எனக்கே கேட்டது. அப்பா எல்லாரையும் வெளியே உட்காரச் சொன்னார். "புள்ள பாக்கட்டும்" என்றார். அம்மா அவள் காலைத் தேய்த்தாள், நான் கையைத் தேய்த்தேன். மூக்கருகில் என் தலைமயிரில் ஒன்றைப் பிடித்துப் பார்த்தேன். கதவைச் சாத்தச் சொன்னேன், காற்று வரக்கூடாது என்று. மத்தியானம் வரைக்கும் பார்த்தேன். அசையவில்லை.

இதைத்தான் மகனிடம் சொல்ல முடியவில்லை. செங்கில் அந்தப் பிராணி இப்போது நன்றாக ஓடுகிறது. ஏர்கோன் அறையிலிருந்து கூண்டை வெளியே வைத்துவிட்டார்கள்.

நான் எழுதியதில் தப்பு இருக்கலாம். அக்கா கண்டுபிடித்துச் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறேன், அவளும் படித்தவள் இல்லை. சுருண்டால் தூக்கம், நீட்டினால் நோவு என்பது சரியா, விறைத்ததைக் கைச்சூட்டில் வைப்பது சரியா என்று விலங்கு வைத்தியம் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்த வேண்டும். பின்பக்கம் ஈரமாகிச் சாய்ந்த அன்றே, விழித்திருந்தபோதே, தண்ணீர் கொடுத்திருந்தால் அது பிழைத்திருக்குமா என்பதையும் பார்த்துச் சொல்லுங்கள். இல்லை என்றால் இல்லை என்றே சொல்லுங்கள்.